ராக் கச்சேரியில் ஆடிப் பாட வேண்டுமா? நிற்கும் பகுதிக்கு டிக்கெட் எடுங்கள்

சிங்கப்பூரில் ராக் கச்சேரிக்குப் போகிறவர்கள், கூட்டத்தோடு சேர்ந்து கத்திப் பாட ஆசைப்பட்டால், மேடைக்கு அருகிலுள்ள விலையுயர்ந்த இருக்கையை விட்டுவிட்டு 'ஸ்டாண்டிங் பென்' (நாற்காலி இல்லாமல் நின்று பார்க்கும் பகுதி) டிக்கெட்டைப் பாருங்கள். சில கச்சேரிகளில் அது முதல்தர இருக்கையைவிட விலை குறைவாகவே இருக்கும்.

ஜகார்த்தாவிலும் மணிலாவிலும் மேல்தள இருக்கைக்காரர்கள்கூட எழுந்து பாடுவார்கள் என்று பெயர். நம் ஊரில் பின்னால் இருப்பவருக்கு மறைக்குமே என்று தயங்கித் தயங்கி உட்கார்ந்தே தலையாட்டுவோம் (கைப்பேசி மட்டும் உயரே போகும்!). ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவரும் எழுவார், ஆனால் அந்த முதல் ஆள் யார் என்பதுதான் சிக்கல். நிற்கும் பகுதியில் அந்தத் தயக்கத்துக்கே இடமில்லை. மணிக்கணக்கில் நிற்கத் துணிந்து வருபவர்கள் பெரும்பாலும் பாட்டு வரிகளை மனப்பாடமாக வைத்திருக்கும் ரசிகர்கள். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து விமானம் ஏறி வருபவர்களும் அவர்களில் உண்டு.

போனா விஸ்டாவில் உள்ள ஸ்டார் தியேட்டர் போல வழக்கமாக முழுக்க இருக்கை போடும் அரங்குகளில் இது உதவாது. காலாங் உள்ளரங்கிலும் தேசிய விளையாட்டரங்கிலும்கூடச் சில கச்சேரிகளுக்குத் தரை முழுவதும் நாற்காலிதான். டிக்கெட் எடுக்கும் முன் இருக்கை வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளோடு போனால் வயது, உயர வரம்பையும் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள், குள்ளமானவர்கள், நிதானமாகக் கேட்க விரும்புபவர்கள் எல்லாருக்கும் பக்கவாட்டு இருக்கையே சரி.