ஞாயிறு காலை முதல் பாட்டு: எதை எடுப்பது, எப்படித் தொடங்குவது

காலை எட்டரை மணி ஆராதனையில் முதல் பாட்டு எடுக்கிற நேரத்தில் யாருக்கும் தொண்டை திறந்திருக்காது. பாதிப் பேர் வண்டியை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வருவார்கள், பிள்ளைகளை உட்கார வைப்பார்கள், பாமாலைப் புத்தகத்தில் பாட்டு எண்ணைத் தேடுவார்கள். அதனால் ஆரம்பப் பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் மெட்டைத்தான் பார்ப்பேன், வார்த்தை அப்புறம்தான். வார்த்தை எவ்வளவு அழகாக இருந்தாலும் முதல் வரியில் சபை தயங்கி நின்றுவிட்டால் அன்றைக்கு அந்தப் பாட்டு கொயர் என்கிற பாடகர் குழுவின் பாட்டாகிவிடும், சபையின் பாட்டாக இருக்காது.

நல்ல ஆரம்ப மெட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், 'தூய தூய தூயா, சர்வ வல்ல நாதா' என்ற பாட்டை எடுத்துப் பாருங்கள். அதன் மெட்டுக்குப் பெயர் நைசீயா. ஜான் பாக்கஸ் டைக்ஸ் என்ற ஆங்கிலேயக் குருவானவர் 1861இல் அமைத்தது. கி.பி. 325இல் திரித்துவ விசுவாசத்தை உறுதிசெய்த நிசேயா சங்கத்தின் பெயரையே மெட்டுக்கும் வைத்தார்கள். நம் சரிகம மாதிரி மேல்நாட்டு ஸ்வரப் பெயர்களான சோல்ஃபாவில் பாடிப் பாருங்கள்: டோ டோ, மி மி, சோ சோ. வீட்டு வாசலில் மூன்று படி ஏறுவது மாதிரி, குரலுக்கு எந்தச் சந்தேகமும் வராது. முதல் இரண்டு 'தூய'வுக்கும் ஸ்வரங்கள் குட்டை, மூன்றாவதற்கு நீளம், தமிழாக்கத்திலும் மூன்றாவது இடத்தில்தான் 'தூயா' என்று நெடில் வருகிறது. வரி முடிகிற இரண்டு நீண்ட ஸ்வரங்களில் 'நாதா', இரண்டும் நெடில். இந்தப் பொருத்தம் இருப்பதால்தான் எழுத்துத் தெரியாத பாட்டிமார் கூட இதைப் புத்தகம் இல்லாமல் பாடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

இந்தப் பாட்டை ஆங்கிலத்தில் எழுதிய ரெஜினால்ட் ஹீபருக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இங்கிலாந்தில் ஹாட்நெட் என்ற ஊரில் குருவாக இருந்தபோது திரித்துவ ஞாயிறுக்காக எழுதினார், அப்புறம் கல்கத்தா பேராயராக வந்தார். 1826 ஏப்ரல் 3 காலை திருச்சிராப்பள்ளி கோட்டைக்குள் திடப்படுத்தல் ஆராதனையை முடித்துவிட்டு, வெயிலுக்குக் குளிக்கத் தொட்டியில் இறங்கியவர் அங்கேயே இறந்துபோனார். கல்லறை திருச்சி புனித யோவான் ஆலயத்தில் இருக்கிறது. டைக்ஸின் மெட்டு வந்தது அதற்கு 35 வருடம் கழித்து. இன்று உலகம் முழுக்கப் பாடுகிற இந்த ராகத்தில் தன் பாட்டை ஹீபர் ஒரு தடவை கூடக் கேட்டதில்லை. பாட்டு எண்ணை அறிவிக்கும்போது இதை இரண்டே வரியில் சபைக்குச் சொல்லிப் பாருங்கள், அன்றைக்குப் பாடுகிற விதமே வேறாக இருக்கும்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது சுருதி. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் நைசீயா ஈ மேஜரில் இருக்கும். பல வருடம் முன்பு நான் பாட்டுக்கு இசை வாசித்த ஒரு சபையில் அச்சில் இருந்தபடியே எடுத்தேன். மெட்டு மேல் டோவுக்குப் போகிற இடத்தில் ஆண்கள் பக்கம் அப்படியே அடங்கிப்போனது, மீதி மூன்று சரணமும் பெண்களும் கொயரும்தான் பாடினார்கள். அன்றிலிருந்து டி மேஜரைத் தாண்டுவதில்லை, குளிர்கால விடியல் ஆராதனை என்றால் இன்னும் அரை ஸ்வரம் இறக்கிவிடுவேன். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது, பயன்படுத்துவதில் தப்பே இல்லை. ஆனால் பாட்டு முடிந்ததும் மறக்காமல் பழையபடி வைத்துவிடுங்கள்.

ரொம்பச் சின்ன சபை, கொயரே இல்லை என்றால் ஓல்ட் ஹண்ட்ரட் மெட்டைவிடப் பாதுகாப்பானது எனக்குத் தெரிந்து இல்லை. லூயி பூர்ஜ்வா ஜெனீவாவில் அமைத்து 1551இல் பைபிள் சங்கீதங்களின் பாட்டுப் புத்தகத்தில் வந்தது. அங்கே அது 134ஆம் சங்கீதத்துக்கான மெட்டு, வில்லியம் கெத்தின் 100ஆம் சங்கீதப் பாட்டோடு சேர்ந்த பிறகுதான் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எட்டு அசை வரி நான்கு, அவ்வளவுதான். ஒவ்வொரு வரி முடிவிலும் நீண்ட ஸ்வரம் இருப்பதால் மூச்செடுக்க இடம் தானாகக் கிடைக்கும். கடைசி வரிதான் உச்சியான சோவில் தொடங்கும், அதற்குள் சபைக்குக் குரல் சூடாகியிருக்கும்.

வார்த்தை பிடித்திருக்கிறது, மெட்டு தெரியவில்லை என்றால் அதே அளவுள்ள வேறு மெட்டில் பாடலாம், பாட்டின் தலைப்பில் வரிக்கு எத்தனை அசை என்று 8.7.8.7 மாதிரி எண் போட்டிருப்பது அதற்குத்தான். ஆனால் எண் பொருந்தினால் மட்டும் போதாது. 8.7.8.7இலேயே ஸ்டட்கார்ட் மாதிரி முதல் அசையிலேயே தாளம் விழுகிற மெட்டும் உண்டு, டைக்ஸின் டோமினஸ் ரெஜிட் மீ மாதிரி ஓர் அசை முன்னால் எடுத்து இரண்டாவதில் விழுகிறதும் உண்டு. மாற்றிப் போட்டால் குறில் போய் நீண்ட ஸ்வரத்தில் உட்காரும், 'கர்த்தரை' என்பதில் 'த' மட்டும் இழுபடும், கேட்கவே கஷ்டமாக இருக்கும். சனிக்கிழமை மாலை இரண்டு சரணத்தையாவது வாய்விட்டுப் பாடிப் பார்க்காமல் மெட்டை மாற்றாதீர்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மிஷனரி ஃபப்ரிசியுஸ் ஐயர் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கியபோது அசை எண்ணி மெட்டுக்குள் அடக்க எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்பது அப்படிப் பாடிப் பார்க்கும்போதுதான் புரியும்.

நம் கர்நாடக ராகத்தில் அமைந்த கீர்த்தனையில் தொடங்கலாமா? தாராளமாகத் தொடங்கலாம், பெரிய பண்டிகை இல்லாத ஞாயிறுகளில் அதுதான் எனக்குப் பிடித்தது. 'வாரும் நாம் எல்லாரும் கூடி' என்று அழைத்தால் சபைக்கு வேறு விளக்கமே வேண்டாம். கொயர் பல்லவியை ஒரு தடவை தனியாகப் பாடட்டும், திரும்பப் பாடும்போது சபை சேரட்டும். சங்கராபரண ராகம் மேல்நாட்டு மேஜர் ஸ்கேலோடு பொருந்துவதால் ஆர்கனில் கார்டு, அதாவது பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கலாம். தோடியில் கார்டு வேண்டாம், மெட்டை மட்டும் ஒற்றை விரலில் வாசித்துச் சுருதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீர்த்தனை என்றால் எதை வேண்டுமானாலும் முதலில் பாடலாம் என்றும் இல்லை. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் 'சீர் ஏசு நாதனுக்கு ஜெயமங்களம்' எல்லாருக்கும் மனப்பாடம், ஆனால் மங்களம் முடிவில் பாட வேண்டியது. கச்சேரி மரபு தெரிந்த ஊரில் வளர்ந்த மனிதர் அவர், இடம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்.

பவனியாக உள்ளே வருகிற நாளில் நேரத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். நைசீயா ஒரு சரணம் சுமாரான வேகத்தில் ஏறக்குறைய 40 விநாடி, நான்கு சரணமும் சேர்ந்தால் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பெரிய கோயிலில் கொயர் வாசலில் இருந்து பீடம் வரை வர அது பத்தாது. அதற்காக முதல் சரணத்தைத் திரும்பப் பாட வைக்காதீர்கள், பாட்டின் பொருள் ஓட்டமே போய்விடும். மூன்றாவது சரணத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் ஆர்கன் மட்டும் ஒரு சரணம் வாசிக்கட்டும்.

தொடக்கத்தில் தெரிந்த பாட்டு என்றால் கடைசி வரியை மட்டும் வாசித்துக் காட்டினால் போதும், புதியது என்றால் ஒரு சரணம் முழுவதும் வாசியுங்கள். எதை வாசித்தாலும் சபை பாடப்போகிற வேகத்திலேயே வாசியுங்கள். மெதுவாக வாசித்துக் காட்டிவிட்டு வேகமாக எடுத்தால் முதல் சொல்லை எல்லாரும் கோட்டைவிடுவார்கள். வரி முடிந்ததும் கையைத் தூக்கி ஒரு மூச்சு இடம் விடுங்கள், அந்த மூச்சு எல்லாச் சரணத்துக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். சபை உங்களைப் பார்க்காது, அந்த இடைவெளியைத்தான் கேட்கும்.

கடைசியில் ஆமென் பாடுகிற வழக்கம் உள்ள சபை என்றால் போதகர் பீடத்துக்கு முன் வந்து நின்றபிறகு ஆமெனை எடுங்கள். அவர் இன்னும் நடந்துகொண்டிருந்தால் கடைசி ஸ்வரத்தை அப்படியே பிடித்து வைத்திருங்கள்.