சத்து ஏறும் குழாயில் கிருமி ஏறாமல் பார்ப்பது எப்படி? புற்றுநோயாளியுடன் நிற்கிறவர்களுக்கு

நம்ம மலையகத்தில் நரம்பில் ஏறுவது எல்லாமே "சேலைன்"தான். ஆள் சாப்பிடவில்லை, மெலிந்துகொண்டே போகிறார் என்றால் "டொக்டர், ஒரு சத்து சேலைன் போட்டு விடுங்களேன்" என்று கேட்டுவிடுவோம். ஆனால் சாதாரண 5 சதவீத குளுக்கோஸ் சேலைன் ஒரு லீட்டரில் இருப்பது 50 கிராம் சீனி, 200 கலோரிகூட வராது. உணவாகவே ஏற்றுவது வேறு சாமான். குளுக்கோஸ், அமினோ அமிலம், கொழுப்பு, உப்புகள், விட்டமின் எல்லாம் கலந்து பெரிய பையில் வரும். அந்தச் செறிவைக் கையிலுள்ள சின்ன நரம்பு தாங்காது என்பதால், கழுத்து, நெஞ்சு அல்லது மேல்கை வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, நுனியை இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய இரத்தக்குழாயில் வைப்பார்கள்.

சிக்கலும் அங்கேதான். தோலில் உள்ள கிருமிக்கு இரத்தத்துக்குள் நேராகப் போக ஒரு வழி கிடைத்துவிடுகிறது. கீமோ ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும், அப்போது எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் இல்லை. இரத்தத்தில் சீனி கூடினால் இன்னும் மோசம். விரலில் குத்திக் குத்திச் சீனி பார்ப்பது அதற்காகத்தான், தாதியரிடம் சலித்துக்கொள்ளாதீர்கள்.

படி 1: வாயால் முடியுமா என்று கேளுங்கள்

குடல் வேலை செய்தால் வாயாலோ மூக்குக் குழாயாலோ கொடுப்பதுதான் நல்லது, கிருமி ஆபத்தும் குறைவு. குடல் அடைத்திருக்கிறது, விடாமல் வாந்தி என்றால்தான் இந்தப் பை.

படி 2: கை

சவர்க்காரம் போட்டு 20 செக்கன் தேய்த்துக் கழுவி, சுத்தமான துணியில் துடையுங்கள். தோளில் கிடக்கும் துவாயில் அல்ல.

படி 3: குழாயின் வாய்

அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அதன் வாயை 70 சதவீத ஸ்பிரிட் பஞ்சால் 15 செக்கனாவது அழுத்தித் தேய்க்க வேண்டும், பிறகு தானாகக் காயவிட வேண்டும். வாயால் ஊதிக் காயவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தேய்த்ததெல்லாம் வீண்! இது தாதியரின் வேலை, உங்களுக்குப் பழக்கிக் கொடுத்திருந்தால் மட்டும் தொடுங்கள். உணவு ஏறும் வழியில் வேறு மருந்து ஏற்றுவதோ இரத்தம் எடுப்பதோ கூடாது. யாராவது அப்படிச் செய்யப்போனால் "மிஸ், இது சாப்பாடு போற வழி இல்லையா?" என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பே இல்லை.

படி 4: ஒட்டு

உள்ளே தெரிகிற பிளாஸ்டர் என்றால் 7 நாளுக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பஞ்சுத்துணி என்றால் 2 நாளுக்கு ஒருமுறை. நனைந்தாலோ ஓரம் கிளம்பினாலோ உடனே மாற்ற வேண்டும். குழாயோடு வீட்டுக்கு விட்டிருந்தால் பீலியிலும் ஆற்றிலும் குளிப்பதை மறந்துவிடுங்கள். சுடுதண்ணீர் வைத்து, அந்த இடத்தைப் பொலித்தீனால் சுற்றி மூடி, மற்ற இடங்களைத் துடைத்தால் போதும். தினமும் ஒருமுறை பாருங்கள்: சிவப்பு, வீக்கம், சீழ், தொட்டால் வலி.

படி 5: பை

பெயர் சரியா, திகதி சரியா, எங்காவது ஒழுகுகிறதா, மேலே எண்ணெய் பிரிந்து நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தொங்கவிட்ட பை 24 மணித்தியாலம் தாண்டக்கூடாது, மிச்சமிருந்தாலும் வீசத்தான் வேண்டும். விலை கூடின சாமான்தான், ஆனாலும் கொழுப்புள்ள கரைசலில் கன்டிடா போன்ற பங்கசு நன்றாக வளரும்.

படி 6: நடுக்கம் வந்தால்

நுவரெலியா, அட்டன் பக்கம் ஆள் நடுங்கினால் பனி என்று சொல்லி இன்னொரு கம்பளியைப் போர்த்தி, இஞ்சித் தேத்தண்ணியும் பனடோலும் கொடுத்துவிடுவோம். குழாய் உள்ளவருக்கு இது கூடவே கூடாது. அதுவும் ஏற்றத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பல் கிட்டுகிற மாதிரி நடுங்கினால், குழாயில்தான் கிருமி இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். வார்ட்டில் என்றால் அந்த நிமிடமே தாதியைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் முதலில் தெர்மோமீட்டர். பனடோல் கொடுத்தால் காய்ச்சல் ஒளிந்துகொள்ளும், கிருமி போகாது. 38 பாகைக்கு மேல் என்றால் விடியும்வரை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். நடுக்கம் வந்து காய்ச்சல் காட்டாவிட்டாலும் அதே கதைதான்.

1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். லயத்திலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் பாதை மழைக்கு மோசமாகும் என்றால், ராத்திரியும் வரக்கூடிய ஓட்டோக்காரர் ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். டயக்னோசிஸ் கார்டு, கிளினிக் புத்தகம் இரண்டும் ஒரே பையில் கதவோரம் இருக்கட்டும். போனதும் வரிசையில் உட்காராமல் இப்படிச் சொல்லுங்கள்: "கீமோ எடுக்கிறவர், நெஞ்சில் குழாய் இருக்கு, காய்ச்சல் இவ்வளவு, நடுக்கம் இத்தனை மணிக்குத் தொடங்கினது." ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டிய ஆள் இவர். உணவு ஏறும் வழியில் இரத்தம் எடுக்கக்கூடாது என்றேன், இந்தச் சோதனை மட்டும் விதிவிலக்கு: குழாயிலிருந்தும் கையிலிருந்தும் தனித்தனியாக இரத்தம் எடுப்பார்கள், எங்கிருந்து கிருமி வருகிறது என்று பிரித்துப் பார்க்க. சிலருக்குக் குழாயையே கழற்ற வேண்டிவரும்.