ஓ-யூ-ஜி-எச் படுத்தும் பாடு: படிப்படியாகப் பழகும் முறை

ஆங்கிலத்தில் ஓ, யூ, ஜி, எச் நான்கும் இதே வரிசையில் வந்தால் எழுத்துக்கூட்டிப் படித்துப் பயனில்லை. 'டஃப்' என்ற சொல்லிலும் இவைதான், 'தோ' என்பதிலும் இவைதான். சொல்லின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

படி 1: கடைசியில் 'டி' இருக்கிறதா?

இருந்தால் ஜி, எச் இரண்டும் ஒலிக்காது. பெரும்பாலும் அது இறந்தகால வினை: திங்க் – தாட் (நினைத்தேன்), பை – பாட் (வாங்கினேன்), பிரிங் – பிராட் (கொண்டுவந்தேன்), ஃபைட் – ஃபாட் (சண்டை போட்டேன்), சீக் – சாட் (தேடினேன்). இந்த 'ஆ'வை உதட்டைக் குவித்து, 'ஓ' பக்கம் சாய்த்துச் சொல்லுங்கள்.

அதிகம் பிழை வருவது இங்கேதான். பாட், பிராட் குழம்பினால் மூலச் சொல்லைப் பாருங்கள்: 'பிரிங்'கில் ஆர் உண்டு, 'பை'யில் இல்லை. டீச், கேட்ச் இரண்டின் இறந்தகாலமும் இதே ஓசையில் முடியும். ஆனால் அங்கே ஓ-வுக்குப் பதில் ஏ எழுத வேண்டும். அந்த வினைகளுக்குள்ளேயே ஏ இருக்கிறது, அதை வைத்து நினைவில் கொள்ளலாம்.

விதிவிலக்கு ஒன்று: வறட்சியைக் குறிக்கும் சொல் 'ட்ரவுட்', 'ட்ராட்' அல்ல.

படி 2: 'ஃப்' என முடிபவை

ரஃப் (சொரசொரப்பான), டஃப் (கடினமான), இனஃப் (போதுமான). ரஃப் நோட்டு எல்லார் பையிலும் இருப்பதால் இது எளிது. இருமலுக்கு 'காஃப்'; 'கஃப்' என்றால் சட்டைக் கையின் முனைப்பட்டி. மாட்டுத் தீவனத் தொட்டி 'ட்ராஃப்'.

படி 3: மிச்சம்

டோ (பிசைந்த மாவு), பிளவ் (கலப்பை, உழுதல்), பவ் (பெரிய மரக்கிளை). இவற்றுக்கு விதி தேடாதீர்கள், மனப்பாடம்தான்.

படி 4: நான்கு இரட்டையர்கள்

இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஆர் எங்கே நிற்கிறது என்று வட்டமிடுங்கள்.

தோ (இருந்தாலும்): ஆர் கிடையாது.
தாட் (நினைத்தேன், எண்ணம்): ஆர் கிடையாது, கடைசியில் டி.
த்ரூ (ஊடாக, வழியாக): டி-எச் முடிந்ததும் ஆர்.
தரா (முழுமையான): டி-எச்-ஓ-வுக்குப் பிறகு ஆர். அமெரிக்கர் 'தரோ' என்பர்.

உச்சரிப்பில் தமிழ் கைகொடுக்கும். 'அதோ' சொல்லி 'அ'வை விட்டால் கிட்டத்தட்ட 'தோ' வந்துவிடும். மற்ற மூன்றின் முதல் ஒலி அப்படி மெலியாது; 'பத்து'வில் வரும் த் போல, நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்துக் காற்றை விடுங்கள்.

இந்த நான்கில் ஒன்றுக்கு மற்றொன்றை அடித்தாலும் கணினியின் ஸ்பெல் செக் பெரும்பாலும் சிவப்புக் கோடு போடாது. எல்லாமே சரியான சொற்களாயிற்றே. மின்னஞ்சல் அனுப்புமுன் கண்ணால் சரிபாருங்கள்.

ஏன் இந்தக் கூத்து? ஜி-எச் முன்பு தொண்டையில் உரசும் ஒலியாக இருந்தது. 'த்ரூ'வுக்கு உறவான ஜெர்மன் சொல் 'துர்ஹ்'. வில்லியம் கேக்ஸ்டன் என்ற அச்சாளர் 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்த பின் எழுத்து மெல்ல உறைந்தது. பேச்சில் அந்த ஒலி சில சொற்களில் மறைந்தது, சிலவற்றில் 'ஃப்' ஆனது.

அமெரிக்காவில் 'பிளவ்'வை பி-எல்-ஓ-டபிள்யூ என்று சுருக்கிவிட்டார்கள். 'த்ரூ'வை டி-எச்-ஆர்-யூ என்று எழுதுவது கடைப்பலகையோடு இருக்கட்டும், தேர்வுத்தாளில் வேண்டாம்.