நுண்ணங்கிகளைப் பற்றிச் சொல்லும்போது விடக்கூடாத பிழைகள்

ஊர்ச் சனசமூக நிலையம் ஒன்றில், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களான நுண்ணங்கிகளைப் பற்றிப் பேச ஒருமுறை கூப்பிட்டார்கள். நானும் பாடப்புத்தகத் தமிழில் "நுண்ணங்கிகள் எங்கும் பரந்து வாழ்கின்றன" என்று தொடங்கி, பற்றீரியா, பங்கசு, அல்கா, புரட்டோசோவா, வைரசு என்று வரிசையாக ஒப்புவித்து முடித்தேன். முன்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, உது கிருமியைத்தானே சொல்லுறீர்? அதைக் கொல்ல என்ன போடலாம் எண்டு சொல்லும்" என்றார். முக்கால் மணித்தியாலம் பேசியதில் அவரிடம் போய்ச் சேர்ந்தது அவ்வளவுதான். பிழை அவருடையது இல்லை.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், வாசிகசாலை என்று நிறைய இடங்களில் பேசியாயிற்று. விட்ட பிழைகளும் நிறைய. பிள்ளைகளுக்கோ அயலட்டைக்கோ இந்த விஷயத்தைச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் அதே கிடங்கில் விழாமல் இருக்கச் சிலதை இங்கே எழுதுகிறேன்.

நோயிலிருந்து தொடங்குவதுதான் முதல் பிழை. 'கிருமி' என்ற சொல்லுக்குப் பழைய பொருள் புழு. அதைக் கேட்டாலே ஆட்களுக்கு அருவருப்பும் பயமும் வந்துவிடும், கை தானாகவே டெட்டோல் போத்தலைத் தேடும். அப்புறம் நீங்கள் எதைச் சொன்னாலும் அந்தப் பயத்தின் மேல்தான் போய் உட்காரும். நான் இப்போது மிளகிலிருந்து தொடங்குகிறேன். 1676இல் ஒல்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இருந்த லீவன்ஹூக் என்ற புடவை வியாபாரிக்கு ஒரு கேள்வி வந்தது: மிளகு ஏன் உறைக்கிறது? காரணம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்க மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தானே தேய்த்துச் செய்த சின்னஞ்சிறு வில்லையால் பார்த்தார். உறைப்பின் காரணம் அகப்படவில்லை. தண்ணீருக்குள் கணக்கில்லாத சிற்றுயிர்கள் ஓடித்திரிந்தன. பற்றீரியாவை மனிதக் கண் முதலில் கண்ட இடங்களில் ஒன்று இந்த மிளகுத் தண்ணீர். அந்த நேரம் யாழ்ப்பாணக் கோட்டையில் பறந்ததும் ஒல்லாந்தர் கொடிதான், 1658இல் பிடித்தது. அந்த மிளகு எங்கள் பக்கத்துக் கடலால் போனதோ, யார் கண்டது. இந்தக் கதையைச் சொன்னால் ஒருவரும் டெட்டோல் தேடுவதில்லை. "பிறகு அவர் என்ன செய்தவர்?" என்று கேட்கிறார்கள். தன் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார் (1683இல் அதையும் எழுதி லண்டனுக்கு அனுப்பினார்) என்றால் சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு தாங்காது.

அடுத்தது சொல்லில் விடும் பிழை. 'நுண்ணங்கி', 'நொதித்தல்', 'மதுவம்' (ஈஸ்ட்) எல்லாம் நல்ல சொற்கள், எங்கள் பிள்ளைகள் அவற்றில்தான் சோதனை எழுதுகிறார்கள். தமிழில் விஞ்ஞானம் சொல்லமுடியாது என்று யாராவது சொன்னால், 1847இல் வந்து யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் டொக்டர் கிறீனைக் காட்டலாம். ஆனால் சொல் இருப்பது வேறு, அது ஆச்சியின் காதில் ஏறுவது வேறு. பொருளை முதலில் காட்டிவிட்டுப் பெயரைப் பிறகு சொல்ல வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்தேன்.

காட்டுவதற்கு எங்களிடம் பனை இருக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே நாள். சாறு பிடிக்கும் மண்முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிக் கட்டினால் இறங்குவது இனிப்பான கருப்பணி, பூசாமல் கட்டினால் கள்ளு. ஏன்? பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் சீனி இருக்கிறது. காற்றிலிருந்தும் பூச்சியிலிருந்தும் பழைய முட்டியின் மண்டியிலிருந்தும் வந்து சேரும் நுண்ணங்கிகளுக்கு அது கலியாண வீட்டுச் சாப்பாடு. ஆனால் எல்லாம் ஒரே பந்தியில் இருப்பதில்லை. முதலில் இலற்றிக் அமிலம் செய்யும் பற்றீரியாக்கள் பெருகிச் சாற்றைப் புளிக்கச் செய்கின்றன. புளிப்பைத் தாங்கக்கூடிய மதுவம் அடுத்ததாக ஏறி, சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. முட்டியில் பொங்கும் நுரை அந்த வாயுதான். இறக்கி வைத்துக் குடிக்காமல் விட்டால் மூன்றாவது கூட்டம் வரும். அது அசற்றிக் அமிலப் பற்றீரியா, மதுசாரத்தை வினாகிரியாக்கிவிடும். சுண்ணாம்பு பூசிய முட்டியில் சாறு புளிப்புக்கு எதிரான காரத்தன்மை அடைந்துவிடுவதால் இந்த மூன்று கூட்டத்துக்கும் கதவு பூட்டு. இனிப்பு இனிப்பாகவே இருக்கிறது, காய்ச்சினால் பனங்கட்டி.

இதைச் சொல்லிவிட்டு 'நொதித்தல்' என்று ஒரு சொல்லைப் போட்டால் அது நிற்கும். அப்பத்துக்கு மா கரைக்கும்போது கள்ளு விட்ட காலத்தை நினைத்துக்கொண்டு பழைய ஆட்கள் தாங்களே மிச்சத்தைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். தோசை மாவுக்கு வந்தால் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மா பொங்குவதெல்லாம் மதுவத்தால் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பிழை. தோசை, இட்டலி மாவைப் பொங்கவைப்பதில் பெரிய பங்கு லியூக்கொனொஸ்டொக் என்ற பற்றீரியாவுக்கு. அது உழுந்திலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, யாரும் ஊற்றத் தேவையில்லை.

'நல்ல கிருமி, கெட்ட கிருமி' என்று பிரிப்பதையும் விட்டுவிடுங்கள். இதை விடுவதற்கு எனக்குக் கன காலம் எடுத்தது, ஏனென்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கும். யோகட் விளம்பரமும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. ஆனால் உண்மை அப்படி இல்லை. அந்த மூன்றாவது கூட்டத்தையே எடுங்கள். கள்ளு விற்கிறவருக்கு அது கள்ளன், வினாகிரி செய்கிறவருக்குச் சம்பளமில்லாத வேலையாள். ஈ.கோலை இன்னும் நல்ல உதாரணம். தியடோர் எஷரிஷ் என்ற குழந்தை மருத்துவர் 1885இல் விவரித்த இந்தப் பற்றீரியா உங்கள் குடலிலும் என் குடலிலும் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு கரைச்சலும் தராது. அதுவே சிறுநீர்ப் பாதைக்குள் ஏறினால் எரிவும் காய்ச்சலும். ஆள் அதேதான், இடம்தான் வேறு. ஆகவே 'எது நல்லது' என்று கேட்காமல் 'யார், எங்கே, என்ன செய்துகொண்டு?' என்று கேட்கப் பழக்கினால் பாதி வேலை முடிந்தது.

இந்தக் கேள்வி கிணற்றடியில்தான் நன்றாக வேலை செய்கிறது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் பொந்தும். மழைத் தண்ணீர் அதற்குள்ளால் சுறுக்காக இறங்கிவிடும், மணலில் போல மெல்ல வடிபடாது. வளவு சின்னதாகிக்கொண்டு போகப் போக மலசலகூடக் குழியும் கிணறும் கிட்டக் கிட்ட வந்துவிட்டன. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், பாட்டன் காலத்திலிருந்து குடித்த தண்ணீர் என்பார்கள். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கப்போய் நான் விட்ட பிழை, "உங்கள் கிணற்றில் ஈ.கோலை இருக்கிறது, அது ஆபத்து" என்று சொன்னது. ஒருவர் உடனே கேட்டார்: "அது எல்லாரின்ரை வயித்திலையும் இருக்கு எண்டு போன கிழமை நீர்தானே சொன்னீர்?" நியாயமான கேள்வி. சரியாகச் சொன்னால், ஈ.கோலை அங்கே ஒரு சாட்சி. நெருப்புக்காய்ச்சலைத் தரும் சல்மனெல்லாவைத் தண்ணீரில் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஈ.கோலையைப் பிடிப்பது லேசு. அது கிணற்றில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள், மலம் வந்த வழியால் மற்றதும் வரலாம். அதனால்தான் குடிதண்ணீரின் 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று அளவு வைத்திருக்கிறார்கள். கொதிக்க வைத்தால் இவையெல்லாம் செத்துவிடும், அது உண்மை. ஆனால் குழி அதே இடத்தில்தான் இருக்கும்.

வைரசையும் பற்றீரியாவையும் ஒரே சாக்கில் போடுவதால் உயிருக்கே ஆபத்து வரலாம். மாரி மழை விட்டதும் இங்கே டெங்குவும் வரும், எலிக்காய்ச்சலும் வரும். 2024 டிசம்பரில் வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் எங்கள் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. தொடக்கத்தில் இரண்டும் காய்ச்சல், உடம்பு உழைவு, தலையிடி. ஆனால் எலிக்காய்ச்சல் லெப்டொஸ்பைரா என்ற பற்றீரியாவால் வருவது, அன்டிபயோட்டிக்குக் கட்டுப்படும். டெங்கு வைரசால் வருவது, எந்த அன்டிபயோட்டிக்கும் அதைத் தொடாது. இரண்டையும் 'கிருமிக் காய்ச்சல்' என்று சொல்லிவிட்டால், வீட்டில் மிச்சமிருந்த குளிசையை எடுத்துப் போடுகிறவரை எப்படித் தடுப்பது?

"மருந்துக்கு உடம்பு பழகிப்போச்சு" என்பதும் இதோடு சேர்த்தி. பழகுவது உடம்பு இல்லை. கூட்டத்தில் ஏற்கெனவே மருந்தைத் தாங்கக்கூடிய ஒன்றிரண்டு பற்றீரியாக்கள் இருக்கும். மற்றவை சாக, அவை மட்டும் மிஞ்சிப் பெருகும். அவை உங்களிடமிருந்து பக்கத்து வீட்டுக்காரருக்கும் போகும், வாழ்நாளில் அந்த மருந்தைத் தொடாதவராக அவர் இருந்தாலும்.

எண்களில் விடும் பிழைக்கு என் கையே காரணம். "உங்கள் உடம்பில் மனிதக் கலங்களைவிடப் பத்து மடங்கு பற்றீரியா" என்று எத்தனையோ மேடையில் சொன்னேன் (கலம் என்றால் செல்). நல்லாகக் கைதட்டு விழும். அது 1970களில் போட்ட ஒரு குத்துமதிப்பு. 2016இல் சென்டர், ஃபுக்ஸ், மைலோ என்ற மூவர் இருந்து கணக்குப் பார்த்தபோது, சராசரி ஆணுக்குச் சுமார் 38 இலட்சம் கோடி பற்றீரியா, 30 இலட்சம் கோடி மனிதக் கலம் என்று வந்தது. கிட்டத்தட்டச் சரிக்குச் சமம். அதுவே போதிய ஆச்சரியம், பத்தால் பெருக்கத் தேவையில்லை.

பருமனைச் சொல்லும்போது மைக்ரோமீற்றர், நானோமீற்றர் என்று அடுக்குவதும் வீண். எல்லாவற்றையும் பத்து இலட்சம் மடங்கு பெருப்பித்துப் பாருங்கள். ஈ.கோலை ஒன்று 2 மீற்றர், நல்ல உயரமான ஆள். டெங்கு வைரசு 5 சென்ரிமீற்றர், ஒரு தேசிக்காய். தலைமயிர் ஒன்றின் தடிப்பு மூன்று நான்கு பனையை ஒன்றன்மேல் ஒன்று நட்ட உயரம். 7 மில்லிமீற்றர் அரிசி ஒன்று ஏழு கிலோமீற்றருக்கு நீளும், அதாவது யாழ்ப்பாண பஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய இணுவில் மட்டும்.

படங்களையும் பார்த்துப் போடுங்கள். பல்லும் நகமும் வைத்த பச்சைப் பூதங்கள் வேண்டாம். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு நிறமே தெரியாது, அந்த ஊதாவும் செம்மஞ்சளும் பிறகு பூசியவை. அதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். பாணில் பிடித்த பூஞ்சணம் பென்சிலின்தான் என்ற கதையையும் விடுங்கள். 1928இல் பென்சிலினைக் கண்ட பிளெமிங்கின் தட்டில் விழுந்தது குறிப்பிட்ட ஒரு பூஞ்சணம். உங்கள் பாணில் இருப்பது அநேகமாக வேறு ஏதோ.

நுணுக்குக்காட்டி இல்லை என்று சும்மா இருப்பது இன்னொன்று. பயற்றஞ் செடியையோ கௌபியையோ மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவுங்கள். கடுகளவில் உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு, இறைச்சித் துண்டு மாதிரி. றைசோபியம் என்ற பற்றீரியா அதற்குள் குடியிருந்து காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்குப் பசளையாக்குகிறது. அந்த வேலைக்கு ஒட்சிசன் அதிகம் ஆகாது. அதைக் கட்டுப்படுத்தத்தான் எங்கள் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு சிவப்புப் பொருள் அங்கே இருக்கிறது. ஒரு பிள்ளை இதைக் கேட்டுவிட்டு அடுத்த நாள் வீட்டுத் தோட்டத்துக் கத்தரி வேரைச் சந்தோசமாகக் கொண்டுவந்தாள், முழுக்க முடிச்சு. அது வட்டப்புழு வேலை. றைசோபிய உருண்டை தேய்த்தால் கழன்று வரும், வட்டப்புழு முடிச்சு வேரே வீங்கியது, கழராது. முதல் நாளே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தட்டில் நுண்ணங்கி வளர்த்துக் காட்டுவதென்றால் உறையவைக்கக் கடற்பாசி (அகர்) போதும். ஜெலற்றின் எங்கள் வெயிலுக்கு உருகும், கடற்பாசி உருகாது. 1881இல் றொபேட் கொக் என்ற ஜெர்மன் பற்றீரியா ஆய்வாளரின் ஆய்வுகூடத்துக்கு இந்த யோசனையைக் கொடுத்தவர் அங்கே வேலைசெய்த ஹெஸ்ஸ என்பவரின் மனைவி ஃபானி, அவருக்கு அது வந்தது குசினியிலிருந்து. ஆனால் தொலைபேசியிலும் கதவுப் பிடியிலும் தொட்டு வளர்த்த தட்டை ஒருநாளும் திறக்கவிடாதீர்கள். ஒட்டுநாடா சுற்றி ஒட்டி, வெளியே நின்று பார்த்துவிட்டு, பிளீச்சில் ஊறப்போட்டுக் கழிக்க வேண்டும். என்ன வளர்ந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

அந்த ஆச்சியை ஒரு வருடத்துக்குப் பிறகு அதே சனசமூக நிலையத்தில் கண்டேன். இந்த முறை பேச்சு கள்ளு முட்டியில் தொடங்கிக் கிணற்றில் முடிந்தது. அடுத்த நாள் காலமை தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு ஜாம் போத்தலில் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார், பரிசோதனைக்குக் கொடுக்க. போத்தல் நன்றாகக் கழுவியதுதான், பளபளவென்று இருந்தது. "ஆச்சி, இதைக் கொடுத்தால் கிணற்றில் இருக்கிறதையும் காட்டும், போத்தலில் இருக்கிறதையும் காட்டும். எது எங்கே இருந்து வந்தது என்று பிரிக்க ஏலாது" என்றேன். ஆச்சி போத்தலை வெளிச்சத்தில் பிடித்து ஒருமுறை பார்த்தார். தண்ணீரைக் குரோட்டன் செடியடியில் ஊற்றினார்.

"அப்ப போத்தலை அவிச்சுக்கொண்டு வரட்டோ?"