சேர்வராயன் அடிவாரத்து மனையில் வீடு கட்டுவது எப்படி

கன்னங்குறிச்சி, கொண்டப்பநாயக்கன்பட்டி, ஏற்காடு அடிவாரம் என்று சேலத்தின் வடக்கு விளிம்பில் மனை வாங்குகிறவர்கள் பலரும் முதலில் ஜேசிபியைத்தான் கூப்பிடுகிறார்கள். குண்டுக்கல்லை உருட்டி, புதரைச் சுரண்டி, மேட்டை வெட்டிப் பள்ளத்தில் தள்ளி, எல்லாம் தட்டையான பிறகு பொறியாளர் வருகிறார். மழைநீர் எந்தப் பக்கம் இறங்கியது, பாறை எங்கே மேலே இருந்தது, மண் எங்கே ஆழம் என்று அந்த நிலம் சொல்லியிருக்கக்கூடிய எல்லாமும் அந்த அரைநாளில் அழிந்துபோகிறது. பிறகு வரும் விரிசலுக்கும் ஓதத்துக்கும் (சுவரில் ஏறும் ஈரத்துக்கும்) இரவில் தூங்கவிடாத புழுக்கத்துக்கும் பாதிக் காரணம் அந்த அரைநாள்தான்.

வெயில், காற்று, மழை, மண் ஆகியவற்றின் நடுவே மனிதருக்கு ஓர் இடம் அமைத்துக் கொடுப்பது வீட்டின் வேலை. நாம் வருவதற்கு முன் அந்தச் சரிவு செய்துகொண்டிருந்த வேலைகளை, நீர் இறங்குவதையும் ஊறுவதையும் மரம் வளர்வதையும், வீடு எழுந்த பிறகும் செய்ய வேண்டும். இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் இதை வைத்துப் போடப்பட்டவை.

மனையைப் படிப்பது

முடிந்தால் ஆடி முதல் கார்த்திகை வரை மனையைத் தொடாமல் விடுங்கள். சேலத்துக்குத் தென்மேற்குப் பருவத்திலும் மழை உண்டு, வடகிழக்கிலும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் பலத்த மழை பெய்த மறுநாள் காலை மனைக்குப் போய், நீர் ஓடிய தடங்களின் மேல் சுண்ணாம்புத்தூள் தூவிப் படம் எடுத்துவையுங்கள். சருகும் மணலும் ஒதுங்கிய கோடுகள்தான் தடம். எந்த மென்பொருளும் இந்த விவரத்தைத் தராது.

அடுத்து டியூப் லெவல். 50 அடி நிறமற்ற குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, 10 அடிக்கு ஒரு முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் மட்டம் குறியுங்கள். ஒரே உயரத்தில் இருக்கும் புள்ளிகளை நூலால் இணைத்தால் சமமட்டக் கோடு கிடைக்கும். குழாயில் ஒரு குமிழ் இருந்தாலும் மட்டம் பிசகிவிடும். ஆகவே இரண்டு முனைகளையும் பக்கத்தில் பிடித்துத் தண்ணீர் சமமாக நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும்.

மேல் மூலை, நடு, கீழ் மூலை என்று மூன்று இடங்களில் 3 அடிக்கு 3 அடி, 5 அடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். சேர்வராயன் மலையின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். அது வெங்காயத் தோல் உரிவதுபோல அடுக்கடுக்காகச் சிதைந்து, நடுவில் உருண்டையான கற்களை விட்டுவைக்கும். ஆகவே கடப்பாறை ‘டங்’ என்று நின்றதும் தாய்ப்பாறை வந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கல்லைச் சுற்றித் தோண்டி, அடியில் மண் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கடைக்காலின் (அஸ்திவாரத்தின்) ஒரு பாதி இப்படிப்பட்ட உருண்டைமேலும் மறுபாதி செம்மண்மேலும் உட்கார்ந்தால், மண் பக்கம் அமுங்கும், கல் பக்கம் அமுங்காது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல் இதனால் வருவது.

நீர் ஊறும் வேகத்தையும் அப்போதே பார்த்துவிடலாம். 1 அடி அகலம், 2 அடி ஆழத்தில் சிறு குழி எடுத்து, தண்ணீர் ஊற்றி முழுவதும் இறங்கவிடுங்கள். மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்க வேண்டும். முதல் முறை ஊற்றுவதைக் காய்ந்த மண் குடித்துவிடும் என்பதால் அந்தக் கணக்கு உதவாது. மணிக்கு 1 அங்குலத்துக்கும் குறைவாக இறங்கும் இடத்தில் உறிஞ்சுகுழி போட்டுப் பயனில்லை.

திசைக்கு 4 அடிக் கோல் ஒன்றைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நடுங்கள். காலை ஒன்பதரை மணி வாக்கில் நிழல்நுனியைக் குறித்து, கோலை மையமாக வைத்து அந்த நீளத்துக்கு வட்டம் போடுங்கள். மாலையில் நிழல் மறுபடி வட்டத்தைத் தொடும் இடம் இரண்டாவது புள்ளி. இரண்டையும் இணைத்தால் மேற்கு–கிழக்குக் கோடு. சங்கப் பாட்டில் அரண்மனைக்கு நூல் பிடிக்கிறவர்களும் கோல் நட்டு நிழல் பார்த்துத்தான் திசை குறிக்கிறார்கள்.

வெயில் கணக்கு

சேலம் ஏறத்தாழ 11.65 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22ஐ ஒட்டியும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். இடைப்பட்ட நான்கு மாதமும் உச்சிவெயில் வடக்கிலிருந்து விழுகிறது. ‘வடக்குப் பக்கம் வெயிலே வராது’ என்று நம்பி வடக்கு ஜன்னலுக்கு சன்ஷேடு இல்லாமல் விடுவது இதனால்தான் தப்பு.

4 அடி உயர ஜன்னலுக்கு வடக்கில் ஒன்றரை அடி சன்ஷேடு போதும். தெற்கில் 2 அடி போடுங்கள். மார்கழியில் உச்சிச் சூரியன் 55 பாகைக்கு இறங்குவதால் ஜன்னலின் கீழ்ப்பகுதியில் மட்டும் இளவெயில் உள்ளே வரும், அது நல்லது.

மேற்கில் சன்ஷேடு உதவாது. மார்ச் மாதம் மாலை 4.20 மணி வாக்கில் சூரியன் 30 பாகை உயரத்தில் நிற்கும். அதே 4 அடி ஜன்னலை முழுக்க மறைக்க 7 அடி நீட்ட வேண்டிவரும். அந்த வேலையை அங்கே தாழ்வாரமும் மரமும்தான் செய்யும். 9 அங்குலச் செங்கல் சுவர் வாங்கிய வெப்பம் உள்பக்கம் வந்துசேர ஏறத்தாழ 6 முதல் 8 மணி நேரம் ஆகும். மாலை 4 மணி வெயில் நடுராத்திரிக்கு உங்கள் கட்டிலருகே வருகிறது என்று அர்த்தம். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை ஆகியவற்றை மேற்கில் தள்ளுங்கள்.

கன்னி மூலையில்தான் (தென்மேற்கில்) பெரிய படுக்கையறை வேண்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டியதில்லை. அறை அங்கேயே இருக்கட்டும். மேற்குச் சுவர் நெடுக உள்பக்கம் 2 அடி ஆழ அலமாரி வரிசை வையுங்கள். வெளிப்பக்கம் 4 அடி அகலத்தில் ஓட்டுத் தாழ்வாரம், அதன் விளிம்பு தரையிலிருந்து ஆறரை அடிக்குமேல் போகாமல். தாழ்வாரத்தின் முன் 15 அடி தள்ளிப் புங்கனோ வேம்போ நடுங்கள். மாசியில் இலை உதிர்த்தாலும் கத்திரிக்குள் மறுபடி அடர்ந்துவிடும். ஆல், அரசு, அத்தி வகைகளைச் சுவரிலிருந்து 30 அடிக்குள் விடாதீர்கள்.

காற்றை உயர மூங்கிலில் ரிப்பன் கட்டிப் பாருங்கள். அடிவாரத்தில் பகலில் காற்று சரிவேறும், இரவில் குளிர்ந்து இறங்கும். இறங்கும் அந்தக் காற்று உள்ளே வர மலைப்பக்கச் சுவரில் தாழ்வான ஜன்னலும், எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி வென்டிலேட்டரும் வேண்டும். கோடையில் காலை ஒன்பதுக்கு ஜன்னல்களை மூடி, மாலை ஏழுக்குமேல் திறந்து வைப்பது பாதி ஏசிக்குச் சமம்.

சரிவில் கடைக்கால்

வீட்டின் நீளப்பக்கம் சமமட்டக் கோட்டுக்கு இணையாக ஓட வேண்டும். 40 அடியில் 4 அடி இறங்கும் மனையை ஒரே மட்டமாக்கப் பார்க்காதீர்கள். வீட்டையே இரண்டு மட்டமாகப் பிரித்து, நடுவில் 2 அடி இறக்கம், 6 அங்குலத்தில் நான்கு படி என்று வையுங்கள். வெட்டும் மண்ணும் கொட்டும் மண்ணும் மிகக் குறைந்துவிடும். அந்த நான்கு படியே கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையில் நல்ல உட்காருமிடமாகும்.

வானம் (கடைக்கால் பள்ளம்) தோண்டும்போது அடிமட்டம் எப்போதும் கிடைமட்டமாக இருக்க வேண்டும். சரிவோடு சாய்த்துத் தோண்டினால் கட்டடம் நழுவப் பார்க்கும். படிப்படியாக இறக்குங்கள்: ஒரு படியின் உயரம் ஒன்றரை அடிக்குமேல் வேண்டாம், மேல்படிக் கட்டு கீழ்ப்படிக் கட்டின்மேல் 3 அடியாவது ஏறி நிற்கட்டும். கொட்டிய மண்ணின்மேல் கடைக்கால் கூடவே கூடாது. ரோலர் போட்டு அழுத்தினாலும் சரி, அதைத் துளைத்துப் பழைய மண்ணுக்குப் போய்த்தான் உட்கார வேண்டும்.

மேட்டுப்பக்கம் தாங்குசுவர் வேண்டியிருந்தால் கருங்கல்லில் கட்டுங்கள். 5 அடி உயரத்துக்கு அடி அகலம் இரண்டரை அடி, தலை அகலம் ஒன்றரை அடி. சுவருக்குப் பின்னால் 1 அடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி. 5 அடிக்கு ஒன்று வீதம், மேல்வரிசையும் கீழ்வரிசையும் மாறி மாறி, 3 அங்குலக் குழாயை வெளிப்பக்கம் சாய்த்துப் பதியுங்கள். தாங்குசுவர்கள் பெரும்பாலும் விழுவது மண்ணின் எடையால் மட்டுமில்லை, பின்னால் தேங்கிய நீர் சேர்ந்து தள்ளுவதால். குழாயின் உள்வாயில் வலை கட்டாவிட்டால் இரண்டு மழையில் மண் அடைத்துக்கொள்ளும். 6 அடிக்குமேல் போகும் சுவரைக் கொத்தனாரின் கைக்கணக்கில் விடாமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்

வீட்டுக்கு மேல்பக்கம், சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி, ஒன்றரை அடி அகலம் 1 அடி ஆழத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். 100 அடிக்கு 1 அடி வாட்டம் போதும். அதற்குமேல் வாட்டம் வைத்தால் நீர் மண்ணை அரித்துக்கொண்டு போகும். வாய்க்காலின் முடிவு, சுண்ணாம்புத்தூளால் குறித்த பழைய தடத்தில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து மனையில் திருப்பிவிடாதீர்கள். இந்தச் சரிவுகளின் ஓடைநீர்தான் கன்னங்குறிச்சி மூக்கனேரி போன்ற ஏரிகளுக்குப் போகிறது. ஒவ்வொரு மனையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தால் ஏரிக்குத் தண்ணீர் வராது, தெருவுக்கு வரும்.

காம்பவுண்டு சுவரின் அடியில் 8 அடிக்கு ஒன்றாகக் கால் அடித் துவாரம் விடுங்கள். சரிவில் பரவி வரும் நீரைத் துவாரமில்லாத சுவர் அணையாகத் தேக்கும், ஒரு பெருமழையில் மொத்தமாகச் சாயும். ஓணானும் தேரையும் வந்துபோகவும் அந்த வழி வேண்டும். பாம்புக்குப் பயந்து அடைக்க வேண்டியதில்லை. விறகும் ஓட்டுக்குவியலும் வீட்டை ஒட்டி இல்லாமல் பார்த்துக்கொள்வதே சரியான காவல்.

1000 சதுர அடிக் கூரையில் 1 மி.மீ. மழை 93 லிட்டர். 50 மி.மீ. பெய்தால் 4,650 லிட்டர், அதாவது 5,000 லிட்டர் தொட்டி ஒரே மழையில் கிட்டத்தட்ட நிரம்பும். 500 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் இறக்குங்கள். முதல் 200 லிட்டரைத் தனி வால்வு வைத்து வெளியே விட்டால் கூரைத் தூசி தொட்டிக்குப் போகாது. மழைநீர் சேகரிப்பு 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம். ஆனால் சமதளத்துக்குப் போடும் மாதிரிப் படத்தை இங்கே அப்படியே வைக்கக் கூடாது. உறிஞ்சுகுழி வீட்டுக்கும் தாங்குசுவருக்கும் கீழ்ப்பக்கம், 15 அடி தள்ளி இருக்க வேண்டும். மேல்பக்கம் போட்டால் கடைக்காலுக்கு நீங்களே தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள்.

சுவரும் கூரையும்

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு நல்லது. செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்திக் கட்டுவதால் நடுவில் 3 அங்குலக் காற்றிடைவெளி கிடைக்கும், செங்கல்லும் ஏறத்தாழ கால்பங்கு மிச்சம். செங்கல் அளவு ஒன்றுபோல இருந்தால்தான் இது சரியாக வரும். தரைமட்டம், ஜன்னல் அடிமட்டம், லிண்டல், கூரையடி ஆகிய வரிசைகளை இடைவெளி இல்லாமல் கட்டுங்கள், இல்லாவிட்டால் கரையான் உள்ளே ஏறும். மின்குழாய் எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல் பிறகு கட்டரை வைத்து அறுத்தால் சுவர் பாழ்.

கூரைதான் இந்த ஊரில் வெயிலை அதிகம் வாங்கும் பகுதி, கான்கிரீட்டை வெறுமையாக விடாதீர்கள். அதன்மேல் சராசரி 3 அங்குலத்துக்குச் சுண்ணாம்புச் செங்கல் ஜல்லித் தளம் போடுங்கள். பொதுப்பணித்துறையின் பழைய கலவை இன்றும் சரியானது: 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்கு, நீற்றிய (தண்ணீர் விட்டுப் பொடியாக்கிய) சுண்ணாம்பு பன்னிரண்டரை பங்கு. சிமெண்டு கலந்தால் சீக்கிரம் இறுகும், வெயிலில் விரியும்போது வெடிக்கும். சுண்ணாம்பு மெதுவாக இறுகுவதால் கூரையின் அசைவைத் தாங்கும்.

சேலத்தில் ஒரு விஷயம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். இது வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் கிடைக்கும் ஊர். மக்னீசியம் கலந்த சுண்ணாம்பு மிக மெதுவாக நீறும். நீறாத துகள் பூச்சில் போனால் மாதங்கள் கழித்து ஊதிப் பொரியும். வாங்கும்போதே எந்தக் கல், எந்தச் சூளை என்று கேளுங்கள். நீற்றிய பிறகு சல்லடையில் சலித்து, பூச்சுக்கானதைத் தண்ணீருக்கடியில் இரண்டு மூன்று வாரம் ஊறவிடுங்கள்.

10 அடிக்கு 2 அங்குல வாட்டம் பிடித்துத் தளத்தைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் நாள் தவறாமல் தட்ட வேண்டும். தட்டிய கட்டை எகிறித் திரும்பினால் இறுகிவிட்டது என்று பொருள். இதற்குச் சில நாளாகும், அவசரப்படுத்தும் மேஸ்திரிக்கு இடம் கொடுக்காதீர்கள். பிறகு 10 நாள் ஈரம் காயாமல் வைத்து, மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) ஒட்டுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை வளைவாகப் பூசுங்கள். ஒழுகும் மாடிகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஒழுகுகின்றன. இந்தத் தளத்தின் எடையைக் கம்பிக் கணக்கு போடும்போதே பொறியாளரிடம் சொல்லிவிட வேண்டும்.

மலைமேல் கட்டுவதானால்

ஏற்காடு 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலத்தைவிட ஏறத்தாழ 8 பாகை செல்சியஸ் குளிர்ச்சி. அங்கே பிரச்சினை வெப்பமில்லை, ஓதமும் பூஞ்சையும். தட்டைக் கூரை வேண்டாம், 30 பாகை சாய்வில் ஓடு போடுங்கள், இறவாணம் (சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பு) இரண்டரை அடி நீளட்டும். தெற்கு, கிழக்கு ஜன்னல்களைப் பெரிதாக வைத்து வெயிலை உள்ளே அழையுங்கள். தரைமட்டத்தில் ஓதத்தடுப்புப் படலத்தைச் சுவரின் முழு அகலத்துக்கும் போடாமல் விட்டால் பிறகு சரிசெய்வது கடினம். மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் உங்கள் கிராமத்துக்குப் பொருந்துமா என்று மண் வெட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

குடிபோன பிறகு வரும் முதல் மழைக்காலத்தில் தோட்டத்துக்குத் தளக்கல் பதிக்காதீர்கள். வாய்க்கால் எங்கே பொங்குகிறது, தாங்குசுவரின் எந்தக் குழாயில் நீர் வரவில்லை என்று பார்த்து, குழாய்களைக் கம்பி விட்டுக் குத்தி, வாட்டத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த தையில் பதிக்கலாம்.