மெத்தை வாங்கும்போது நுரையை எடைபோடுவதில் நேரும் தவறுகள்

பழைய மெத்தைகளைப் பிரித்து, உள்ளே தளர்ந்துபோன நுரையை மாற்றித் தருவது என் தொழில். புதிதாக மெத்தை வாங்கப் போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்கும்போது, ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் செய்த அதே சோதனைகளைத்தான் தாங்களும் செய்து பார்த்ததாகப் பெருமையுடன் சொல்கிறார்கள். அளவு பார்த்து வாங்குங்கள், படுத்துப் பார்த்து வாங்குங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்தவை. தெரிந்தவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கடினமாக இருந்தால் அடர்த்தியான நுரை என்று எண்ணுவது

எத்தனை முறை விளக்கினாலும் ஒழியாத தவறு இது. இப்போதும் யாராவது மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டு, ‘நல்ல கெட்டியான சரக்கு’ என்று சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் நுரையில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்ற கணக்கு. கடினம் என்பது நுரையை அமுக்க எவ்வளவு விசை தேவை என்ற கணக்கு. இவை இரண்டும் தனித்தனியானவை. உற்பத்தியாளர் ஒன்றைத் தொடாமலே மற்றொன்றை மாற்ற முடியும். மெத்தைகளில் பரவலாகப் பயன்படும் பாலியூரித்தேன் நுரை தயாராகும்போது, அதன் மூலப்பொருள்களில் ஒன்றான ஐசோசயனேட்டின் விகிதத்தைக் கூட்டினாலே, அடர்த்தி குறைந்த நுரையும் கையில் விறைப்பாக இருக்கும். ஆனால் அதன் நுண்ணறைகளைத் தாங்கும் இழைகள் மெலிந்தவையாகவே இருக்கும். இரவுதோறும் அதே இடத்தில் உடலின் எடை அழுந்தும்போது அந்த இழைகள் முறிந்து, விறைப்பு போய்விடுகிறது. கடையில் கல்லைப்போல் இருந்த மெத்தை, இடுப்பு படும் இடத்தில் மட்டும் துவண்டுபோவதற்கு இதுவே காரணம்.

அப்படிப்பட்ட மெத்தை ஒன்றை ஒரு குடும்பத்தினர் என்னிடம் கொண்டுவந்தார்கள். முதுகு வலிக்கு நல்லது என்று விற்பனையாளர் சொன்னதை நம்பி, கடையில் இருந்தவற்றிலேயே மிகக் கடினமானதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். உறையில் ‘40 அடர்த்தி’ என்று அச்சிடப்பட்டிருந்தது. உறையைக் கழற்றி, நுரைக் கட்டியை மட்டும் தராசில் வைத்தேன். நீளம் 183 செ.மீ., அகலம் 91 செ.மீ., உயரம் 15 செ.மீ. கொண்ட கட்டியின் கன அளவு ஏறத்தாழ கால் கன மீட்டர். அடர்த்தி 40 என்றால் அது 10 கிலோ இருந்திருக்க வேண்டும். தராசு காட்டியது நாலரைக் கிலோ, அதாவது அடர்த்தி 18. அவர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த கடினம், அந்த நாலரைக் கிலோவில் செய்யப்பட்ட ஒப்பனையே தவிர வேறில்லை.

ஆகவே மெத்தையின் எடையைக் கேளுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, அந்த எடையை அதனால் வகுத்துப் பாருங்கள். உறையின் எடையும் அதில் சேர்ந்திருப்பதால், வரும் விடை உண்மையான அடர்த்தியைவிடச் சற்று கூடுதலாகவே இருக்கும். அந்தக் கூடுதலுக்குப் பிறகும் எண் குறைவாக வந்தால் பேச வேண்டியதே இல்லை. நாள்தோறும் வயது வந்த ஒருவர் படுக்கும் சாதாரண பாலியூரித்தேன் மெத்தைக்கு 30க்குக் கீழே நான் பரிந்துரைப்பதில்லை. அமுக்கினால் மெதுவாக எழும் மெமரி ஃபோம் என்ற நுரை என்றால் 50க்கு மேல் பார்ப்பது நல்லது.

இந்தக் கணக்குக்கும் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கழிவு நுரையைத் துண்டுதுண்டாக நறுக்கிப் பசையால் ஒட்டி அழுத்திய ரீபாண்டட் ஃபோமின் அடர்த்தி 80, 100 என்று இருக்கும். அந்த எண்ணைப் புதிய நுரையின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை, ஏனெனில் அதன் எடையில் பசையும் பழைய துண்டுகளும் கலந்திருக்கின்றன. கடினமான அடித்தளமாக அதைப் பயன்படுத்தலாம். மெத்தை முழுவதும் அதுவே என்றால் வேறு பாருங்கள். மற்றொன்று, எடையைக் கூட்டுவதற்காகச் சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்த நுரை. தராசில் அது தேறிவிடும்; ஆனால் ஓரத்தில் கிள்ளிப் பார்த்தால் எளிதில் பிய்ந்து வரும், அமுக்கிவிட்டால் துள்ளல் இன்றி மந்தமாக எழும். மெமரி ஃபோம் இயல்பிலேயே மெதுவாக எழுவதால் இந்தத் துள்ளல் சோதனை அதற்குப் பொருந்தாது.

உள்ளங்கையால் அமுக்கிப் பார்ப்பது

உள்ளங்கை உணர்வது மேற்பரப்பை மட்டுமே. ஆய்வகத்தில் நுரையை அதன் உயரத்தில் 25 சதவீதம் அமுக்கத் தேவையான விசையையும், 65 சதவீதம் அமுக்கத் தேவையான விசையையும் தனித்தனியே அளக்கிறார்கள். இரண்டாவது விசை முதலாவதைப்போல் எத்தனை மடங்கு என்பதில்தான் நுரை உடலைத் தாங்கும் திறன் தெரியும். வாங்குபவரிடம் அந்தக் கருவி இல்லை. ஆனால் முழங்கால் இருக்கிறது. மெத்தையின் நடுவில் ஒரு முழங்காலை ஊன்றி முழு எடையையும் மெல்ல இறக்குங்கள். முதலில் இளகி, ஆழம் போகப்போக எதிர்ப்பு கூடினால் நல்ல நுரை. தடையின்றி இறங்கி அடியில் பலகையைத் தொட்டதுபோல் நின்றுவிட்டால், இடுப்பும் தோளும் அதையேதான் அனுபவிக்கப் போகின்றன.

உயரத்தைக் கண்டு மயங்குவது

மெத்தையின் உயரம் 20 செ.மீ. என்பார்கள்; அதில் மேலே உள்ள 3 செ.மீ. மட்டும் விளம்பரத்தில் சொன்ன உயர்தர நுரையாகவும், எஞ்சியது மலிவான நுரையாகவும் இருப்பதை நான் அடிக்கடி காண்கிறேன். விற்பனையாளர் சொல்லும் அடர்த்தி பொய்யல்ல. அது எந்த அடுக்கின் அடர்த்தி என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் அடர்த்தியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். உறையில் ஜிப் இருந்தால் அனுமதி கேட்டுத் திறந்து பாருங்கள். திறக்கக் கூடாது என்று மறுப்பவரிடம் நான் வாங்க மாட்டேன்.

நுரையின் நிறத்தைப் பார்ப்பது

நிறம் வெறும் சாயம்.

குளிரூட்டிய அறையில் மெமரி ஃபோமைச் சோதிப்பது

நாசாவுக்கான ஆய்வில் 1966ஆம் ஆண்டு விமான இருக்கைகளுக்காக உருவான இந்த நுரை, வெப்பநிலைக்கு ஏற்பத் தன் இயல்பை மாற்றிக்கொள்ளும். குளிரில் இறுகும், வெப்பத்தில் இளகும். நன்றாகக் குளிரூட்டிய கடையில் சில விநாடிகள் உட்கார்ந்து பார்த்து ‘உறுதியாக இருக்கிறது’ என்று வாங்குபவர், வெம்மையான படுக்கையறையில் அதே மெத்தையில் புதைந்துபோவார். உடல் சூடு நுரைக்குள் இறங்கும்வரை, கால் மணி நேரமாவது அசையாமல் படுத்திருந்து பாருங்கள். பிறகு திரும்பிப் படுங்கள். திரும்புவதற்கு முக்க வேண்டியிருந்தால் அந்த நுரை உங்களுக்கு ஆகாது.

கையளவு மாதிரித் துண்டை வைத்து முடிவெடுப்பது

துண்டு நன்றாகத்தான் இருக்கும், காட்டுவதற்கென்றே வெட்டியதல்லவா.

உத்தரவாதத்தின் ஆண்டுகளை மட்டும் எண்ணுவது

பத்தாண்டு உத்தரவாதம் என்றால் நுரை பத்தாண்டு உழைக்கும் என்று பலர் பொருள்கொள்கிறார்கள். பல உத்தரவாதங்கள் கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்கு மட்டுமே பொருந்தும். அந்தப் பள்ளமும் குறிப்பிட்ட ஆழத்தைத் தாண்டியிருக்க வேண்டும், அதையும் மெத்தையில் யாரும் படுத்திராதபோது அளக்க வேண்டும். விறைப்பை இழந்த நுரையோ, ஆள் எழுந்ததும் பெரும்பாலும் பழையபடி நிமிர்ந்துவிடும். படுத்தால் இடுப்பு அமிழ்கிறது. அளவுநாடாவை வைத்தால் மட்டமாகத் தெரிகிறது. ‘நுரை மென்மையாவது இயல்பானது’ என்ற ஒரு வரி நிபந்தனைகளில் எங்காவது இருக்கும். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அது இருந்தால் ஆண்டுக் கணக்கை ஒதுக்கிவிட்டு, அடுக்குகளின் அடர்த்தியை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.