கோஹாவில் புத்தகம் பதிய எளிய வழி

கோஹா என்ற நூலக மென்பொருளில் புதுப் புத்தகத்தைப் பதியும்போது தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யாதீர்கள். கேட்டலாகிங் பக்கத்தில் 'இசட்39.50' தேடலைத் திறந்து, அட்டையின் பின்புறமுள்ள ஐஎஸ்பிஎன் எண்ணை இடைக்கோடு இல்லாமல் கொடுங்கள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் போன்ற பெரிய நூலகம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் பதிவு அப்படியே வந்துவிடும். நீங்கள் சேர்க்க வேண்டியது பார்கோடு, அலமாரி எண் போன்ற உங்கள் நூலகத்துக்கே உரிய விவரங்கள்தான்.

இது நடப்பதற்குக் காரணம், பெரும்பாலான நூலகங்கள் மார்க் என்ற ஒரே பதிவு வடிவத்தைப் பயன்படுத்துவதும், இசட்39.50 அந்தப் பதிவுகளைத் தேடி எடுப்பதற்கான பொது நெறிமுறையாக இருப்பதும்தான். பல பதிவுகளில் புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி எண்ணும் சேர்ந்தே வரும். என்னைக் கேட்டால் பெரிய லாபமே அதுதான். 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு ஒன்றும் சிக்கவில்லையா? 2007க்கு முந்தைய புத்தகம் என்றால் பழைய 10 இலக்க எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

தமிழ்ப் புத்தகங்களுக்கு இது அவ்வளவாகக் கைகொடுக்காது. கிடைத்தாலும் தலைப்பு பெரும்பாலும் ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளி, கோடுகளோடு இருக்கும்; தலைப்புக்குரிய 245ஆம் புலத்தைத் தமிழில் மாற்றாவிட்டால் தமிழில் தேடுகிற வாசகருக்கு அது அகப்படாது. ஐஎஸ்பிஎன் இல்லாத சிறு வெளியீடுகள், விழா மலர்கள், ஆய்வேடுகள் எல்லாம் வழக்கம்போல் கையால்தான்.

இசட்39.50 தேடலில் நூலகங்களின் சர்வர் பட்டியல் காலியாக இருந்தால், அட்மினிஸ்ட்ரேஷன் பக்கத்தில் முதலில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.